லொறி சொன்னதும் மாஸ்டர் சொன்னதும்

போன கிழமை ஒரு காலை, கொழும்பு கொட்டாஞ்சேனைச் சந்தியில் எங்கள் லொறி சீனிப் பங்கீடு பற்றி அறிவித்துக்கொண்டு நின்றபோதுதான் ஐயாத்துரை மாஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி வந்தது. வெள்ளவத்தையிலிருந்து சைக்கிளில் வந்த அவருடைய அயல்வீட்டுக்காரர் என் காதோடு சொன்னார். மைக்கைப் பிடித்திருந்த புதிய அறிவிப்பாளர், மாஸ்டரைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர். வசனத்தின் கடைசிச் சொல்லை அவரைப் போலவே மெதுவாக இறக்கி வைப்பார். மாஸ்டர் இறந்த சேதி ஒரு காதில், மாஸ்டரின் குரல் மறுகாதில். அறிவிப்பு முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

எங்கள் அலுவலகமான கந்தோரில் இரங்கல் குறிப்பாக நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். யுத்தகாலத்தில் அரசாங்கத்துக்கு அரும்பணி ஆற்றியவர், அமைதியாகக் காலமானார் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அது கந்தோருக்கு. இது அவரை அறிந்த உங்களுக்கு.

அவர் முதலில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், பிறகு பத்திரிகையில் இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். யுத்தம் வந்ததும் அரசாங்கப் பிரசாரக் கந்தோருக்கு வந்தார். ஆங்கிலத்தில் வரும் அறிக்கையைத் தமிழாக்குவார், பிறகு ஒலிபெருக்கி பூட்டிய லொறியில் ஏறித் தானே வாசிப்பார். எதிர் மேசையில் இருந்த எனக்குத் தொழில் பழக்கியவரும் அவரே. "பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை ஐசே. உண்மையிலை எந்தத் துண்டைச் சனத்தின்ரை கையிலை குடுக்கிறதெண்டதுதான் எங்கடை வேலை" என்பார். நான் சிரிப்பேன். கெட்டிக்காரத்தனமான பேச்சு என்று அப்போது எனக்குப் பட்டது.

ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போட்டுப்போன அந்த ஈஸ்டர் ஞாயிறு, அறிக்கைக்கு விபரம் கேட்க அவரும் நானும் பொரளைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். இறந்துபோய்த் தாழ்வாரத்தில் கிடத்தியிருந்தவர்களில் செல்லையாவும் இருந்தார். துறைமுகத்தில் கிளாக்கர். மாஸ்டரின் ஒரே தங்கை பாக்கியத்தின் புருஷன். மாஸ்டர் குனிந்து, விலகியிருந்த சீலையைச் செல்லையாவின் முகத்துக்கு இழுத்துவிட்டார். அவ்வளவுதான்.

கந்தோரில் எங்கள் வெள்ளைக்காரத் துரையின் கட்டளை ஆயத்தமாக இருந்தது. இறந்தவர்களைப் பற்றி இன்றைக்கு மூச்சும் விடக்கூடாது. துறைமுகத் தொழிலாளர் ஊரைவிட்டு ஓடினால் கப்பலில் அரிசி இறக்க ஆளில்லை, ஆகவே லொறி முதலில் கொட்டாஞ்சேனைக்குப் போகட்டும். பாக்கியத்தின் வீடும் அங்கேதான். "மாஸ்டர், இண்டைக்கு நான் வாசிக்கிறன். நீங்கள் தங்கச்சி வீட்டை போங்கோ" என்றேன். அவர் தாளை என்னிடம் தரவில்லை. "என்ரை குரல் இல்லாட்டி சனம் நம்பாது. வாசிச்சு முடிச்சுப்போட்டுப் போறன்" என்றார். அதில் பெருமை இல்லை. உண்மையும் அதுதான்.

தெருவெல்லாம் மூட்டை முடிச்சோடு சனம். மாட்டு வண்டிகளில் பெட்டி, படுக்கை, கோழிக்கூடு. மாஸ்டர் வாசித்தார்: "துறைமுகத்தில் சேதம் சொற்பம். மக்கள் அஞ்ச வேண்டியதில்லை. நாளை வழமைபோல் வேலை நடைபெறும்." இரண்டாம் முறை வாசிக்கும்போது பாக்கியம் ஒழுங்கைக்குள்ளிருந்து ஓடிவந்து லொறியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, இவர் இன்னும் வரேல்லை. அங்கை ஒண்டும் இல்லைத்தானே?"

தெரு முழுவதும் மாஸ்டரின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தப் பெண் ஒரு சத்தம் அழுதிருந்தால் தெருவே காலியாகியிருக்கும். அவர் கையில் மைக் திறந்தபடி இருந்தது.

"ஒண்டும் இல்லை பாக்கியம். நீ வீட்டை போ. நான் வாறன்."

அந்தப் பதில் ஒலிபெருக்கியில் ஏறி எல்லாருக்கும் கேட்டது. அறிக்கைக்கு அசையாத சனம் அதற்கு அசைந்தது. சொந்தத் தங்கைக்கு எவராவது பொய் சொல்வாரா? ஒரு கிழவர் வண்டியிலிருந்து மாட்டை அவிழ்த்தார். மூட்டைகள் வீடுகளுக்குள் திரும்பின. நாளடைவில் மாஸ்டருக்கு வந்த பதவி உயர்வுக்கு அந்தப் பின்னேரம்தான் அத்திவாரம். இவ்வளவு வருஷமாகியும், அந்தச் சந்தியால் போகும்போது அந்தப் பதில் என் காதில் விழாமல் இருந்ததில்லை.

பொழுதுபடும் நேரம் அவரோடு நானும் பாக்கியத்தின் வீட்டுக்குப் போனேன். செல்லையாவுக்குச் சோறு போட்டு மூடி வைத்திருந்தது. அண்ணன் சொன்ன தைரியத்தில் மீன்கூடப் பொரித்திருந்தார். மாஸ்டர் நின்றபடியே செல்லையா இறந்ததைச் சொன்னார். பாக்கியம் அழவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இது அண்ணை சொல்லுறதோ, லொறி சொல்லுறதோ?"

குத்திக் கேட்டதல்ல அது. லொறி சொல்வதாக இருந்துவிடக் கூடாதா என்ற ஆசையில் கேட்டது. மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

பிறகு தங்கையை வெள்ளவத்தைக்குத் தன் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். கலியாணம் செய்யாத மனுஷன். அவருக்கும் வேறு யார்? அந்தக் கேள்வியும் அவர்களோடு குடிவந்தது. அரிசித் தட்டுப்பாட்டில் பாஜிரித் தானியத்தைச் சாப்பிடச் சொல்லிப் பிரசாரம் செய்தோமே, அப்போது மாஸ்டர் தெமட்டகொடையில் லொறிமேல் நின்று பாஜிரி ரொட்டியைக் கடித்துக் காட்டினார். மைக்கில் அவர் மெல்லும் சத்தம் ரயில் யார்டு வரைக்கும் கேட்டது. ஒரு ரயில்வேக்காரர் சிங்களத்தில் "மாத்தயா, ரசத?" என்று ருசி எப்படியெனக் கேட்க, "பொஹோம ரசாய்" என்று நல்ல ருசி என்பதாக இவர் சத்தியம் செய்தார். வீட்டில் பாக்கியம் அதே ரொட்டியைச் சுட்டு வைத்துக் கேட்டார், "நல்லா இருக்கோ? அண்ணை சொல்லுங்கோ, லொறி வேண்டாம்." "வைக்கோல்" என்றார் மாஸ்டர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

யுத்தம் முடிந்தது என்று அவர் வீட்டுக்கு வந்து சொன்ன நாளிலும் அதே கேள்வி. வெள்ளைக்காரன் போகப் போகிறானாம் என்றபோதும் அதே கேள்வி. வெளியே ஊர் முழுவதும் நம்பிய குரலை அந்த வீட்டில் ஒருவர் நம்பவில்லை. மாஸ்டர் ஒருநாளும் கோபிக்கவில்லை. தங்கை முன்னால் அவர் பேச்சுக் குறைந்துகொண்டே வந்தது. கடைசிக் காலத்தில் மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லக்கூட யோசிப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. பாக்கியத்தின்மேல் கோபம் வரும். வீட்டுக்குப் போகும் வழியில் அது ஆறிவிடும், ஏனென்றால் அவர் கேட்டது நியாயம்.

நேற்று அவருடைய எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு. சடங்குகள் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு பாக்கியத்துக்கு ஆறுதல் சொல்லப் போனேன்.

"அவர் நோகாமல் போயிட்டார் அக்கா. முகத்திலை ஒரு வேதனையும் தெரியேல்லை."

"நீரும் லொறியிலை போறனீர்தானே தம்பி" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. பிறகு தானாகவே சொன்னார்.

"அவர் போறதுக்கு முதல் நாள் கஞ்சி கொண்டுபோனன். 'எனக்கு ஒண்டும் இல்லை பாக்கியம், நாளைக்கு எழும்பி நடப்பன்' எண்டார். நான் கேட்டன்."

என்ன கேட்டார் என்று அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. "என்ன சொன்னவர்?" என்றேன்.

"கஞ்சியைத் தள்ளி வைச்சார். பிறகு என்ரை கையைப் பிடிச்சார். 'லொறிதான், தங்கச்சி' எண்டார். நான் இருந்து அழுதன் தம்பி. என்ரை மனுசனுக்கு அண்டைக்கு அழாததையும் சேர்த்து அழுதன். அண்ணையும் அழுதவர்."

மாஸ்டரின் குரல் அந்தப் புதிய அறிவிப்பாளரின் வாயில் கந்தோரில் இருக்கிறது. நாளைக்கும் ஏதாவது ஒரு சந்தியில் நீங்கள் அதைக் கேட்பீர்கள். அவர் பழக்கிய தொழில் என் கையில் இருக்கிறது, அது இல்லாமல் எனக்குச் சோறில்லை. ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்வது இவை இரண்டையும் அல்ல. தங்கையின் கையைப் பிடித்துச் சொன்ன அந்த ஒரு பதிலை. அதைச் சொல்லும்போது அவர் முன்னால் மைக் இருக்கவில்லை.