அத்தைக்குப் புரிந்த சொல்

அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதைவிட அவள் லிதுவேனிய மொழியை ஆராய்ச்சி செய்கிறாள் என்பதுதான் எங்கள் குரோம்பேட்டைத் தெருவில் பெரிய பேச்சு. அந்த மொழி சமஸ்கிருதத்துக்குத் தூரத்து உறவு என்பாள்.

"உறவென்ன, சமஸ்கிருதம் பெத்த குழந்தைன்னு சொல்லு" என்பார் பெரியப்பா.

"குழந்தை இல்லண்ணா. ரெண்டும் ஒரே வீட்டுல பொறந்த அக்கா தங்கச்சி."

இந்தச் சண்டை சாப்பாட்டு மேஜையில் அடிக்கடி நடக்கும்.

நான் மூன்றாவது படித்தபோது, மாநாட்டுக்கு வந்த லிதுவேனியப் பேராசிரியை ஒருவர் எங்கள் வீட்டில் தங்கினார். அவரை வரவேற்க அத்தை கண்ணாடி முன்னால் நின்று லிதுவேனிய மொழியில் பேசிப் பழகினாள். நேரில் பார்த்ததும் வாய் எழவில்லை. அத்தனை வருஷம் புத்தகத்திலேயே படித்த மொழி. இரண்டு பேரும் இங்கிலீஷிலேயே பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அத்தை துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். அம்மா காய்கறி வாங்கப் போயிருந்தாள். ஹாலில் காபி குடித்துக்கொண்டிருந்த பேராசிரியை திடீரென்று எழுந்து, வாசல் பக்கம் இரண்டு கைகளையும் நீட்டி, "உக்னிஸ்! உக்னிஸ்!" என்று கத்தினார்.

பெரியப்பா பேப்பரைக் கீழே வைத்தார். "பார்த்தியாடி, அக்னியைக் கூப்பிடறாங்க! என்ன உச்சரிப்பு!" என்று கைகூப்பினார். நானும் கூப்பினேன். பேராசிரியை எங்களைப் பார்த்து இன்னும் பலமாகக் கத்தினார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தை துணிகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அண்ணா, மெயினை ஆஃப் பண்ணு! தீன்னு கத்தறாங்க!"

வாசல் மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் எரிந்துகொண்டிருந்தது. கூப்பிய கையைப் பிரித்துக்கொண்டு பெரியப்பா சுவிட்சுக்குப் பாய்ந்தார். பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை அத்தையும் பேராசிரியையும் பக்கெட்டில் அள்ளி வந்து கொட்டினார்கள். சுவர் கரியானதோடு போயிற்று.

அப்புறம் இருவரும் மணல் கையோடு படியில் உட்கார்ந்து லிதுவேனிய மொழியில் பேசினார்கள். அத்தை தப்புத் தப்பாகப் பேசியிருக்க வேண்டும். பேராசிரியை சிரித்துச் சிரித்துத் திருத்தினார். அத்தையும் நிறுத்தவில்லை.

அம்மா திரும்பி வந்து பதறியபோது, "புரிஞ்சுது அண்ணி" என்றாள் அத்தை. "யோசிக்கவே இல்ல. காதுல விழுந்ததும் புரிஞ்சுது." சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

புகை பட்டுவிட்டது என்று நினைத்து, சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். அத்தை அதை வாங்கி முகம் கழுவிக்கொண்டாள்.