பதினாறுக்கு அடுத்த எண்

உங்கள் வண்டி எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் எட்டு வருகிறதா? வராது. வராதபடி பார்த்துத்தானே வாங்கியிருப்பீர்கள். அவ்வளவு பார்த்தவர், பிரேக்கைப் பார்த்தீர்களா?

டெயானா மலகோலி பிரேக்கை மூக்கால் பார்ப்பவர். இத்தாலியின் மோதெனா நகரத்துச் சிக்னலில் சைக்கிளை நிறுத்தி, பக்கத்துக் காரின் கண்ணாடியைத் தட்டுவார். "பின் சக்கரம் கருகுது. இன்னைக்கே கொண்டுபோய்க் காட்டுங்க." சிலர் நன்றி சொல்வார்கள். சிலர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். பச்சை விழுந்ததும் அவர் மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

போவது பந்தயக் கார் போன்ற கார்களைச் செய்யும் தொழிற்சாலைக்கு. அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் பிரேக்குகள் அவர் பொறுப்பு. கண்ணிமைக்கும் நேரத்தில் நூறைத் தொடும் வண்டிகளுக்கு நடுவே சைக்கிள் எதற்கு என்று கேட்டால், "ஓடுறதைப் பத்தி யோசிக்க இந்த ஊரே இருக்கு. நிக்கிறதைப் பத்தி யோசிக்க ஒரு ஆளு வேணாமா?" என்பார். பத்து மணிக்குப் பூரி போல உப்பிய ஞோக்கோவுக்குள் பன்றியிறைச்சித் துண்டை மடித்துச் சாப்பிட்டுக்கொண்டே, சோதனை முடிந்து வந்த சக்கரத்தை முகர்வார். சுட்ட ரொட்டி வாசம் வந்தால் பிரேக் நலம். வேறு வாசம் வந்தால் ஞோக்கோ பாதியில் நிற்கும்.

வண்டிகளைக் கோக்கும் பட்டறையின் மேஸ்திரி வைனர். அபசகுனமான சொல் காதில் விழுந்தால் இரும்பைத் தொடுவது இந்த ஊர் வழக்கம். இப்போதைய கார்களிலோ எல்லாம் கரி இழையும் அலுமினியமும்தான். ஆகவே வைனர் ஒரு பழைய இரும்புப் போல்ட்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார்.

"உங்க அறிவியல் வளர வளர, இஞ்சினியரம்மா, மனுஷன் தொடுறதுக்கு ஒரு இரும்பு மிச்சமில்லை!"

"தொடுறதை விட்டுட்டு முறுக்குய்யா. போல்ட்டு அதுக்குத்தான்."

சோதனை வண்டிகளுக்கு வரிசையாக எண் போடுவார்கள். பதினாறுக்குப் பிறகு பதினேழு வராது. 'பதினாறு பிஸ்', அதாவது இரண்டாம் பதினாறு வரும். பிறகு பதினெட்டு. பதினேழைப் பழைய ரோமானிய எழுத்தில் எழுதி, எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'வாழ்ந்து முடித்தேன்' என்று பொருள் வருமாம். கணிதம் படித்தவர்கள் நிறைந்த கூடத்தில் ஓர் எண் தீண்டத்தகாததாக இருந்தது. டெயானா சண்டை போட்டுப் பார்த்தார். சிரித்தார்கள்.

போன இலையுதிர் காலத்தில் பதினாறு பிஸ் வண்டி, சோதனைப் பாதையின் கடைசி வளைவில் நிற்காமல் சரளைக்குள் பாய்ந்தது. ஓட்டியவர் அமோவா. பெற்றோர் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்காரர்கள், அவர் பிறந்தது இதே ஊர் மருத்துவமனையில். காயமில்லை. ஆனால் வேலை போக இருந்தது.

"வண்டி சரியாத்தான் இருக்கு," என்றார் பிரிவின் இயக்குநர் தஸ்ஸினாரி. "லேட்டா மிதிச்சிருக்கான். அவங்களுக்கு வேகம்னா ஒரு இது."

'அவங்க.' ஒரு திருகாணியைக்கூட ஆயிரம் முறை சோதிக்கிற இடத்தில், அந்தச் சொல்லைச் சோதிக்க யாரும் எழவில்லை. கால் அழுத்தத்தைப் பதிவுசெய்யும் கருவியும் அந்த வண்டியில் இன்னும் பொருத்தப்படவில்லை.

"நேரத்துக்குத்தான் மிதிச்சேன்க்கா," என்று அமோவா டெயானாவிடம் சொன்னார். "பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. வண்டிதான் நிக்கலை."

"கல்லு மாதிரியா? பஞ்சு மாதிரி இல்லையே?"

"கல்லுதான்."

பஞ்சு என்றால் எண்ணெய்க் கோளாறு. கல் என்றால் சக்கரத்தைப் பிடிக்கும் பட்டை சூட்டில் பிடியிழந்திருக்கிறது. டெயானா எல்லார் முன்னிலும் சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். முகர்ந்தார். ரொட்டி வாசம் இல்லை. உள்ளே இருந்தவை பதினாறாம் வண்டிக்கான பட்டைகள். தெருவில் ஓட்டுவதற்கானவை, பந்தயச் சூடு தாங்காதவை. பிஸ்ஸுக்கான பட்டைப் பெட்டி மேல் சாக்குக்கட்டியால் எழுதிய 'பிஸ்' யாருடைய சட்டைக் கையிலோ பட்டு அழிந்திருந்தது. இரண்டு பெட்டியிலும் மிஞ்சியது வெறும் பதினாறு; பட்டைகள் மாறிப்போயின.

"சின்னக் குழப்பம்," என்றார் தஸ்ஸினாரி.

"ஒரு எண்ணைப் பார்த்துப் பயந்து ஒளிஞ்சீங்க. அந்தப் பயத்துக்கு இவன் சம்பளத்தைப் பலி கேட்டீங்க. இது சின்னதா? முதல்ல அமோவாகிட்ட மன்னிப்பு. அப்புறம் ஒழுங்கா எண்ணக் கத்துக்குங்க."

தஸ்ஸினாரி மேசையைப் பார்த்துக்கொண்டுதான் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் கேட்டார்.

இந்த வசந்தத்தில் புதிய வரிசை தொடங்கியது. பதினாறாம் வண்டி சோதனைக்கு வெளியே போனது. அடுத்த வண்டிக்கு டெயானா எண் தகட்டைக் கொண்டுவந்து வைத்தார்: பதினேழு. வைனரின் கை சட்டைப்பைக்குள் போனது.

"யாரு ஓட்டுறது?" என்றார் ஒருவர்.

"நான்தான்," என்றார் அமோவா. "எங்கம்மா ஊர்ல பதினேழுக்கு யாரும் பயப்படுறதில்லை."

"அங்கே பயமே கிடையாதா?"

"ஏன் கிடையாது? அது வேற பட்டியல். அதையும் நான் பார்க்கிறதில்லை."

சிரிப்பு வெடித்தது. வைனர் தகட்டைப் பொருத்தக் குனிந்தார். நான்கு துளைகள், மூன்று திருகுகள்தான் இருந்தன. தேடினார், கிடைக்கவில்லை. டெயானா ஞோக்கோவைக் கடித்தபடி காத்திருந்தார்.

வைனர் சட்டைப்பையிலிருந்து பழைய போல்ட்டை எடுத்தார். ஒருமுறை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு நான்காவது துளையில் வைத்து முறுக்கத் தொடங்கினார்.

அடுத்த வண்டி வாங்கும்போது எட்டு வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிவீர்கள் அல்லவா? குனிந்தது குனிந்தீர்கள், அந்தப் பிரேக்கையும் ஒரு தடவை பாருங்கள்.