பறன்னு சொன்னா பறக்கத்தான செய்வா

என் மகளுக்குப் பிறவியிலேயே காது மந்தம். ரெண்டு காதுலயும் மிஷின் வச்சா, சத்தமாச் சொல்ற வார்த்தை மட்டும் விழும். தென்காசிப் பக்கத்துல இருந்து திருவனந்தபுரத்துக்கு நாங்க பிழைக்க வந்தப்ப அவளுக்கு ஆறு வயசு. சாலை பஜார்ல ஒரு துணிக்கடையில எனக்கு வேலை. கடையில பாதி தமிழ், பாதி மலையாளம்னு நான் சமாளிச்சுக்கிட்டேன். அவளுக்குத் தமிழ் மட்டும்தான்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் கிளாஸ் சேர்க்கப் போனோம். காது மிஷினைப் பார்த்த உடனே ஹெட்மிஸ்ட்ரஸ், பிள்ளையைப் பரிசோதிச்சு ரிப்போர்ட் கொண்டு வாங்கன்னுட்டாங்க. சரின்னு போனோம். பரிசோதிச்ச மேடம் சிரிச்ச முகம்தான், குத்தம் சொல்ல முடியாது. "பேரு பற மோளே"ன்னாங்க. மலையாளத்துல பறன்னா சொல்லு. மெதுவாச் சொன்னது இவ காதுல விழல, முழிச்சா. அந்தம்மா குனிஞ்சு சத்தமா, "பற, பற"ன்னாங்க.

பறந்தா. ரெண்டு கையையும் விரிச்சு அடிச்சுக்கிட்டு அந்த ரூமைச் சுத்திச் சுத்திப் பறந்தா. முகமெல்லாம் சிரிப்பு. புது ஊர்ல முதல் தடவையா ஒருத்தங்க விளையாடக் கூப்பிடுறாங்கன்னு நினைச்சிருப்பா. விஷயத்தைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா மிண்டக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாதுன்னு அந்த மேடம் என்னை அடக்கிட்டாங்க.

ரிப்போர்ட் இங்கிலீஷ்ல வந்துச்சு. கடை முதலாளியோட மகள் படிச்சுச் சொன்னா. பேர் சொல்லத் தெரியலையாம். காரணமே இல்லாம கையை அடிக்கிறாளாம். சாதாரணப் பள்ளிக்கூடம் ஒத்துவராதாம். காரணம் இல்லாமலாம். பறக்கச் சொன்னதே நீங்கதானேம்மா?

ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்கன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் கையை விரிச்சுட்டாங்க. நானும் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினேன். எங்க போனாலும் அந்தக் கையடிக்கிற வரியை இவளை வச்சுக்கிட்டே உரக்க வாசிச்சாங்க, வாசிச்சுட்டு இவ கையைப் பார்த்தாங்க. என் பிள்ளை அப்படி இல்ல சார், அப்படி இல்ல சார்னு கெஞ்சுவேன்.

கடைசியா இலவச சட்ட உதவியில ஒரு வக்கீல் அம்மா கிடைச்சாங்க. இந்தப் பற கதையை அவங்ககிட்ட மூச்சு விடாம ஒப்பிச்சேன். கேட்டுட்டு, "அதை விடுங்க சேச்சி. நிஜமாவே கையடிக்கிற பிள்ளையா இருந்தாலும் சேர்க்க மாட்டேன்னு சொல்ல அவங்களுக்கு அதிகாரம் கிடையாது. பக்கத்துப் பள்ளிக்கூடமா, ஸ்பெஷல் ஸ்கூலாங்கறது நம்ம இஷ்டம். சட்டமே அதுதான்"ன்னாங்க.

அப்பதான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிச்சு. இத்தனை ஆபீஸ்ல ஒருத்தருக்குக் கூடவா இது தெரியாது? தெரிஞ்சவங்க வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? எங்களுக்குச் சேர வேண்டியதை நான் பிச்சையாக் கேட்டுக்கிட்டு நின்னிருக்கேன்.

வக்கீல் அம்மா புகார் எழுதிக் கொடுத்தாங்க. ஓணம் லீவு முடிஞ்ச பிறகு பள்ளிக்கூடத்துல இருந்து கூப்பிட்டாங்க. அதுக்குள்ள பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களோட ஆடி ஓடி இவ மலையாளம் பிடிச்சிருந்தா. ஹெட்மிஸ்ட்ரஸ் அவளை எதிர்ல உக்கார வச்சு, சத்தமா, "பேரு பற மோளே"ன்னாங்க. தெளிவாச் சொன்னா. மிடுக்கி, கெட்டிக்காரின்னு மெச்சிக்கிட்டே சேர்த்துக்கிட்டாங்க, என்னமோ அவங்க கையால வரம் கொடுத்த மாதிரி.

அவ பேர் சொன்னப்ப நான் அவ வாயைப் பார்க்கல. கையைப் பார்த்தேன். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில திணிச்சு, அது மேல உக்காந்திருந்தா.