கப்பலில் வராத பெண்

கண்டியில் நான் கூட்டித் துடைக்கும் மண்டபத்தில் பழைய ஊமைப்படம் ஒன்று காட்டுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். அதிலிருந்த தமிழ்ப் பெயரை வாசித்ததும் திகைத்து நின்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் வாசித்த ஒரே நாவலின் பெயர் அது.

பழைய பேப்பர் கடையில் கிடைத்த அந்தப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இல்லை. எங்கள் முதல் குழந்தை இறந்து பிறந்து, மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள். எனக்குப் பேச வராது. பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கோட்டையில் அடைபட்ட பெண்ணைத் தேடி வீரன் குதிரையில் விரைவதோடு பக்கங்கள் முடிந்துவிட்டன. அவள் தப்பிக் கப்பலேறி வந்ததாக நானே சொல்லி முடித்தேன். அன்றுதான் மனைவி சோறு தின்றாள்.

இத்தனை வருடத்தில், அது நான் கட்டிய முடிவு என்பது எனக்கே மறந்துவிட்டது. பெருமையோடு அவளைப் படத்துக்கு அழைத்தேன். எங்கள் வீடு இருக்கும் புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் வந்தாள்.

"என்னங்க, ஒங்களப்போல இதுவும் வாயே தொறக்க மாட்டேங்குது!" என்று சிரித்தாள்.

திரையில் வந்த எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் அவள் காதில் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாம் சரியாகவே வந்தது. வீரன் கோட்டைக் கதவை உடைத்து உள்ளே ஓடினான். அந்தப் பெண் தரையில் கிடந்தாள். பக்கத்தில் நஞ்சுக் கிண்ணம். அவன் தூக்கியபோது அவள் கை தொங்கியது. கப்பல் நான் கட்டியது என்று அப்போதுதான் நினைவு வந்தது.

"எந்திரிச்சிருவாதானே?" என்றாள் மனைவி.

விளக்குகள் எரிந்தன.

"கப்பல் எங்கங்க? படம் எடுத்தவன் பிழையா எடுத்துட்டான் போல."

அதோடு விட்டிருக்கலாம். பஸ் நிற்கும் இடம்வரை நடந்தும் என்னால் விட முடியவில்லை.

"புத்தகத்துல கடைசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சிருந்திச்சும்மா. கப்பல் நான் சொன்னது."

அவள் நின்றுவிட்டாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"அப்ப, புள்ள மொகத்தப் பாத்தேன், தூங்குற மாதிரி இருந்திச்சின்னு சொன்னீங்களே. அது?"

பிள்ளையைத் துணியில் சுற்றித்தான் தந்தார்கள். நான் விலக்கிப் பார்க்கவில்லை. அவள் அதைக் கேட்பாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பஸ் வந்தது. அவள் எனக்கு முன்னால் ஏறி, யாரோ ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.