ஆடி கழியட்டும் என்றார்கள்

பிள்ளையில்லாதவர்களிடம் நம்பிக்கையாகப் பேசுவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், சோதனைக்குழாய்க் குழந்தைச் சிகிச்சை செய்யும் சென்னை மருத்துவமனை ஒன்று உத்திரமேரூரில் வாரம் ஒருநாள் ஆலோசனை மையம் நடத்தியது. சிகிச்சையெல்லாம் சென்னையில். டாக்டரம்மா சொல்வதை ஊர்க்காரர்களுக்குப் புரியவைப்பது என் பாடு. எனக்கும் பிள்ளையில்லை. அங்கே வந்தவர்கள் உட்கார்ந்த மாதிரிப் பெஞ்சில் ஒரு காலத்தில் நானும் என் மனைவியோடு உட்கார்ந்தவன்தான்.

ஐஸ் மீன்

கரு உருவான இரண்டு மூன்று நாளில் அப்படியே கர்ப்பப்பையில் வைப்பது ஒரு வழி. உறையவைத்து, வேறொரு மாதத்தில் எடுத்து வைப்பது இன்னொன்று. அப்போதெல்லாம் முதல் வழிதான் வழக்கம். உறையவைத்தவற்றில் சில, உருக்கும்போதே போய்விடும்.

திருமுக்கூடலிலிருந்து வந்த ஒருவரிடம் இதைப் படம் வரைந்து அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மனைவியிடம் திரும்பினார். "இன்னாமே, புரிஞ்சுதா? ஆத்து மீனுக்கும் ஐஸ் மீனுக்கும் கீற வித்தியாசம்தான். அதுக்கு இம்மாம் நேரம் பேசுறாரு."

சித்திரைப் பிள்ளை

பெருநகர் மல்லிகாவுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். முட்டை எடுத்ததில் இரண்டே இரண்டு கருக்கள் தேறின. மறுநாள் வைப்பதாக ஏற்பாடு. துணைக்கு நானும் சென்னை போயிருந்தேன். மாதவிலக்குத் தள்ளிப்போனதில் எல்லாம் ஆடியில் வந்து விழுந்திருந்தது. எங்களில் யாரும் அதை யோசிக்கவில்லை. மாமியார் யோசித்தார்.

"ஆடியில தங்குனா சித்திரையில பொறக்கும், நைனா. சித்திரையில புள்ள பொறந்தா குடும்பம் தாங்காது. அதான் ஐஸுல வெச்சிக்கினு அப்பால எடுக்கிறீங்களாமே, ஆவணியில வெச்சிடுங்க."

விதை நெல்

டாக்டரம்மா இப்போதே வைப்பதுதான் நல்லது என்றார். மல்லிகாவின் கணவன் வேலு என்னைத் தனியே அழைத்துப்போய், "உறைய வெச்சா கெட்டுப்பூடாதா சார்?" என்று கேட்டான்.

கெட்டுப்போகலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் அம்மா அழுதுகொண்டிருந்தார். இந்த அழுகையோடு மல்லிகா போய் மேசையில் படுப்பதும் சரியில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். "அறுத்த நெல்லை அன்னைக்கே விதைப்பியா வேலு? கொஞ்ச நாள் கிடந்தால்தானே ஒழுங்கா முளைக்குது" என்றேன். உருக்கும்போது போய்விடக்கூடும் என்பதைச் சொல்லவில்லை. அவன் கையெழுத்துப் போட்ட தாளில் அது அச்சாகியிருந்தது, ஆங்கிலத்தில். மல்லிகாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும்தான். அவளிடம் அவன் சொன்னது இவ்வளவே: "சாரே சொல்லிட்டாரு. வா, வூட்டுக்குப் போலாம்."

ஆவணி

மாத்திரைகளை ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டுவிட்டு ஆவணியில் வந்தாள். இரண்டு கருக்களையும் உருக்கினார்கள். இரண்டும் பிழைக்கவில்லை. அதைச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

ஆடியிலேயே வைத்திருந்தால் நின்றிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். அது உண்மையா, நான் ஒளிந்துகொள்ளும் இடமா என்று இன்றும் தெரியவில்லை.

வேலு சுவரைப் பார்த்து நின்றான். மல்லிகா அழவில்லை. "ஆடி மாசம் அதுங்க ரெண்டும் உசுரோடதானே இருந்துச்சு, ண்ணா? அன்னிக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சித்திரையிலயே பெத்துக்கறேன்னு சொல்லியிருப்பேன்."

அதற்குப் பிறகும் நான்கு வருடம் அதே வேலையில் இருந்தேன். யாருக்கும் புரியும்படி எடுத்துச் சொல்கிறவன் என்று நிர்வாகத்தில் எனக்கு நல்ல பெயர்.