நீயும்தானேம்மா சிரிக்கிற

சிதம்பரத்தில் நடந்த அந்தப் பொருளாதாரக் கருத்தரங்குக்கு நாங்கள் இருவரும் கடலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போனோம். நான் கடலூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். கூட வந்தவள் எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளர். கூடவே முனைவர் பட்டத்துக்கு ஆய்வும் செய்துகொண்டிருந்தாள். அண்ணாகிராமம் பக்கம் ஊர். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவர். பள்ளி விடுமுறைகளில் இவளும் உடைத்திருக்கிறாள். அந்த வேலை செய்யும் பெண்களைப் பற்றியதுதான் ஆய்வு. கருத்தரங்கில் கட்டுரை படிப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. முட்லூர் வரும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நன்றாகத்தான் படித்தாள். கொட்டையின் பால் பட்டுக் கைத்தோல் வெந்துபோவதைப் பற்றிச் சொல்லும்போது, தனக்கும் அது தெரியும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். அமர்வுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் கருத்துச் சொல்ல எழுந்தார். பொருளாதார உலகில் பெரிய பெயர். பாதிப்பேரின் வேலைக்கும் பட்டத்துக்கும் அவர் தயவு வேண்டும்.

"நீயும் கொட்ட ஒடச்சிருக்கேன்னு சொன்னியே. கையக் காட்டு, பாப்போம்" என்றார் மைக்கில்.

அவள் தயங்கி நீட்டினாள். பிடித்துத் திருப்பி, உள்ளங்கையைக் கட்டைவிரலால் தேய்த்தார். "பூ மாதிரி இருக்குது. எங்களுக்கே கத சொல்றியா?"

அரங்கம் சிரித்தது. கையை அவர் விடவில்லை. பிடித்தபடியே இன்னும் ஏதோ வேடிக்கையாகப் பேசினார், மறுபடியும் சிரிப்பு. அவளும் சிரித்தாள். நான் முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் இருந்தேன். அவள் முழங்கை பின்னால் இழுத்து இழுத்து நின்றதைப் பார்த்தேன்.

மதியச் சாப்பாட்டின்போது எங்கள் மேசைக்கே வந்தார். அவள் தோளில் கை வைத்துக் குனிந்து, "சாயங்காலம் கெஸ்ட் ஹவுஸுக்கு வா. தீசிஸப் பாத்துத் திருத்தித் தரேன்" என்றார்.

"நானும் கூட வரேன் சார்" என்றேன்.

"ஒங்கள யாரும்மா கூப்புட்டா?" சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அவள் தட்டை ஒதுக்கி வைத்தாள். "அக்கா, நான் கைய இழுத்தேன். பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்டி."

கருத்தரங்கு ஒருங்கிணைப்பாளரிடம் போனோம். என் வயதுப் பெண்மணிதான். அன்று காலையில் எங்களுக்காக டீ கொண்டுவரச் சொல்லிக் காத்திருந்து வரவேற்றவர். பைகள் குவித்து வைத்திருந்த அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். "அவுரு எல்லாருகிட்டயும் அப்படித்தாங்க. வயசானவரு. இத வெளிய எடுத்தா பொண்ணு பேருதான் கெட்டுப்போவும்."

"நெறைவு விழா மேடையிலயாவது அவர ஒக்கார வெக்காதீங்க" என்றேன்.

"அவுர எறக்கிட்டு நாங்க இந்த ஊர்ல துறை நடத்த முடியுமாங்க?"

நிறைவு விழாவில், பங்கேற்றவர்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். ஒருவர் சாப்பாட்டைப் பாராட்டினார். அடுத்து இவள் எழுந்து போனாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"காலைல சார் என் கையப் புடிச்சிக்கிட்டு விடல. மத்தியானம் தனியா கெஸ்ட் ஹவுஸுக்குக் கூப்புட்டாரு. எனக்கு அது புடிக்கல. இந்த மாதிரி நடந்தா இங்க யாருகிட்ட சொல்லணும்னு ஒருத்தருக்கும் தெரியல. அதனால எல்லாருகிட்டயும் சொல்றேன்."

தொகுப்பாளர் அவசரமாக வந்து மைக்கை வாங்கி, நாட்டுப்பண்ணுக்கு எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் நின்றோம். மேடையில் அவரும் விறைப்பாக நின்றார். மேடைப் படியில் அவள் நின்றாள்.

கருத்தரங்கு நடந்த இடத்து நிர்வாகத்திடம் புகார் கொடுத்தோம். விசாரணைக் குழு கூப்பிட்டது. என் பக்கத்து நாற்காலிகளில் இருந்து சிரித்தவர்கள் அப்போது போன் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். சாப்பாட்டு மேசையில் பேசியதற்கு என்னைத் தவிர சாட்சி இல்லை. நான் சொல்லி முடித்ததும் கருத்தரங்கு வீடியோவைப் போட்டார்கள். எல்லாம் தெளிவாக இருந்தது.

குழுத் தலைவி நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சரி, கையப் புடிச்சாரு. நீயும்தானேம்மா சிரிக்கிற?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ்ளோ பேரு முன்னாடி வேற என்னங்க பண்றது?" என்றாள்.

தவறான நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை, இரு தரப்பும் கவனமாக நடந்துகொள்ள வேண்டும் என்று முடித்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுடைய ஆய்வு நெறியாளர் அவளைப் பார்ப்பதையே தவிர்த்தார். கொடுத்த அத்தியாயம் திரும்பி வரவேயில்லை. அடுத்த கல்வியாண்டில் எங்கள் கல்லூரி அவளை வேண்டாமென்றது. நான் முதல்வர் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டதுதான் மிச்சம். பண்ருட்டியில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தாள்.

பிறகு எங்கள் கல்லூரியிலேயே கருத்தரங்கு வந்தது. சிறப்புரைக்கு அதே பேராசிரியர் பெயரைச் சொன்னார்கள்.

"புகார் நிரூபணமாகலையே மேடம்" என்றார் முதல்வர்.

"அவர் வந்தா நான் வர மாட்டேன். ஏன் வரலன்னு கேக்குறவங்ககிட்டல்லாம் சொல்லுவேன்" என்றேன். கசப்போடு வேறொருவரை அழைத்தார்கள்.

தொடக்க விழாவில் நானே மைக்கைப் பிடித்தேன். சம்மதமில்லாமல் யாரையும் தொடக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, ஆய்வைப் பேச யாரையும் அறைக்குத் தனியாக அழைக்கக் கூடாது; மீறினால் என்னிடம் சொல்லலாம், என்னிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் வெளியிலிருந்து நாங்கள் வரவழைத்திருக்கும் வழக்கறிஞரிடம் சொல்லலாம் என்று அறிவித்தேன்.

"கல்யாண வீட்டு வாசல்ல போலீஸ நிறுத்துன மாதிரி இருக்குதுங்க" என்றார் சக ஆசிரியர் ஒருவர். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் காலை, குமராட்சிப் பக்கமிருந்து வந்து படிக்கும் எங்கள் மாணவி ஒருத்தி வழக்கறிஞரைத் தேடி வந்தாள். பதிவு மேசையில் இருந்த அவளை, கட்டுரை படிக்க வந்த ஒருவன் வேண்டாமென்று சொல்லியும் படமெடுத்துக்கொண்டே இருந்தானாம். கூப்பிட்டு விசாரித்தோம். ஒத்துக்கொண்டான். படங்களை எங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லி, கட்டுரை படிக்க விடாமல் வெளியே அனுப்பினோம். டீ இடைவேளை முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சிதம்பரத்திலும் இவ்வளவுதானே செய்ய வேண்டியிருந்தது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். "வூட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க மேடம். படிப்ப நிறுத்திடுவாங்க."

அன்று சாயங்காலம் செம்மண்டலம் வீட்டுக்கு வந்ததும் பண்ருட்டியில் இருந்தவளுக்குப் போன் செய்து நடந்ததையெல்லாம் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நல்லதுக்கா."

"பிஎச்.டி.க்குத் திருப்பிப் பதிவு பண்ணலாம்டி. வேற ஊர்ல கைடு பாப்போம். நானும் கூட வரேன்."

"முடியாதுக்கா. இங்க ஸ்கூல் ஆண்டு விழாவுல மைக்கக் குடுத்தாங்க. கைய நீட்டி வாங்க முடியல. வேற டீச்சர பேசச் சொல்லிட்டேன்" என்றாள்.