நாலாம் பந்தியும் எலெக்ட்ரான் மேகமும்

வெளியூர் ஆய்வகம் ஒன்றில் எனக்கு வேலை. அங்கே பெரிய வளையக் குழாய்க்குள் நேர்மின் துகள்கள் கொத்துக் கொத்தாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கொத்து கடக்கும்போது குழாய்ச் சுவரிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பும்; அவை மறுபடி சுவரில் மோதி இன்னும் பலவற்றைக் கிளப்பும். அது அடங்குவதற்குள் அடுத்த கொத்து வந்தால் கூட்டம் பெருகி மேகமாகிவிடும். முன்னால் போகிறவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வருபவைதான் ஆட்டங்கண்டு சிதறும். இந்த மேகத்தை அடக்க வழி சொல்வதுதான் என் பிழைப்பு.

காரைக்குடியில் தங்கைக்குக் கல்யாணம். அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமன், பந்தி விசாரணையை என் தலையில் கட்டினார். "கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தையே மேய்க்கிறீக மருமகனே. இதையும் பாத்துக்கங்க."

நான்தான் மெத்தப் படித்தவன் ஆயிற்றே. முகூர்த்தம் முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வர, மூச்சுவிட இடம் கொடுக்காமல் பந்திமேல் பந்தி போட்டேன். முதல் இரண்டும் அமர்க்களம். அப்புறம், எழுந்தவர்கள் வெளியேறுமுன் அடுத்தவர்கள் நுழைந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் காவல் நின்றார்கள். நாலாம் பந்தியில் மாமா சாம்பார் சோற்றைப் பிசையும்போதே யாரோ அவர் நாற்காலியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். மாமா பாதி இலையில் எழுந்து, கை கழுவி, வண்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

தாய்மாமன் சாப்பிடாமல் போவதைவிடப் பெரிய குறை கல்யாண வீட்டுக்கு வேறில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. "எந்தம்பி சாப்பிடாம எனக்கும் எலை போடாத" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சமையல்காரர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பந்தி நேரம் சும்மா விடுங்க தம்பி. கூட்டத்த அங்குட்டு அனுப்பிட்டுக் கதவச் சாத்துங்க. தானா அடங்கும்."

வளையத்துக்கு நான் எழுதிக் கொடுத்த வைத்தியமும் அதுதான்: நடுவில் சில கொத்துகளை அனுப்பாமல் இடைவெளி கொடு, மேகம் கலைந்துவிடும். அதைக் கண்டுசொல்ல எனக்கு ஆறு வருடம் ஆனது. அவர் கையிலிருந்த கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வாசலுக்கு ஓடி, வண்டியைக் கிளப்பிவிட்டிருந்த மாமாவின் கையைப் பிடித்தேன். "தப்பு என்னோடதுதான் மாமா." அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வண்டியை அணைத்தார்.

காலிக் கூடத்தில் மாமாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் இலை போட்டோம். இந்த முறை ஒரு குறையும் வந்துவிடக் கூடாதென்று மாமாவின் நாற்காலியைப் பிடித்தபடி பின்னாலேயே நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மருமகனே, மொதல்ல நீங்க அங்குட்டுப் போங்க."

அம்மா சிரித்துக்கொண்டே சோற்றில் கை வைத்தாள்.